மழைக்கு முன் மாற்ற வேண்டிய ரிலேக்கள்

ஹாரன் ரிலே கெட்டால் ஹாரன் அடிக்காது; ஏசி ரிலே கெட்டால் வியர்க்கும். இரண்டையும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கூரை மடங்கும் காரில் கூரை ரிலேயின் கதை வேறு. கூரை நகரும் அந்த அரை நிமிடத்தில்தான் அதற்கு வேலை. ஆகவே அது கைவிடுவதும் அந்த அரை நிமிடத்துக்குள்தான். டிக்கி மூடி மேலே தூக்கியபடி, கண்ணாடிகள் இறங்கியபடி, கூரை அந்தரத்தில் நிற்கும். அந்த நிலையில் வண்டியைப் பூட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. மும்பையில் பருவமழை தொடங்கும் சராசரி நாள், வானிலைத் துறை 2020இல் திருத்திய கணக்குப்படி, ஜூன் 11. விலகும் நாள் அக்டோபர் 8. இடைப்பட்ட நான்கு மாதத்தில் பாண்டுப் எல்.பி.எஸ். சாலையில் கூரை திறந்து நின்றுபோன வண்டிக்குள் கால் மணி நேர மழை விழுந்தாலே இருக்கை, கார்ப்பெட், அதற்கு அடியில் ஓடும் வயரிங், இருக்கைக்குக் கீழே உள்ள கம்ப்யூட்டர் பெட்டி என்று செலவு லட்சத்தை நோக்கிப் போகும். கூரை மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேக்களை, அவை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, மே மாதத்தில் மாற்றிவிடுவதுதான் கணக்குக்குச் சரி என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஆனால் வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அல்ல, கண்ணில் படும் எல்லா ரிலேயையும் அல்ல, அளந்து பார்க்காமலும் அல்ல. இந்த மூன்று ‘அல்ல’வையும் விட்டுவிட்டு மாற்றினால் காசும் போகும், கூரையும் நிற்கும்.

முதலில் ரிலே அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். கூரைக்கு இரண்டு திசை உண்டு. ஆகவே மோட்டாரும் இரண்டு திசையில் சுற்ற வேண்டும். அதற்கு மோட்டாரின் இரண்டு முனைக்கும் தலா ஒரு ரிலே. ஒவ்வொரு ரிலேயிலும் 30 என்று குறித்த பின் மோட்டாருக்குப் போகிறது; 87 பேட்டரி பிளஸ்ஸுக்கு; 87ஏ எர்த்துக்கு. (இந்த எண்கள் ஜெர்மனியின் டிஐஎன் 72552 தரத்திலிருந்து வந்தவை, ஜப்பான் வண்டிகளில் வேறு குறி இருக்கலாம், வேலை ஒன்றுதான்.) 85, 86 இரண்டும் காயில். சும்மா இருக்கும்போது இரண்டு ரிலேயும் 87ஏ பக்கம் சாய்ந்திருக்கும். மோட்டாரின் இரு முனையும் எர்த்தில் இருப்பதால், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று பிரேக் போட்டதுபோல் நிற்கும். ஒரு ரிலேயை இழுத்தால் கூரை திறக்கும், மற்றதை இழுத்தால் மூடும். ஹைட்ராலிக் கூரை என்றால் இதே ஜோடி பம்ப் மோட்டாரை ஓட்டும். இப்போது திறக்கும் ரிலேயின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். கண்ட்ரோலர் காயிலுக்குக் கரண்டை நிறுத்தினாலும் மோட்டார் அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபியூஸ் போகும்வரை. மூடும் பட்டனை அழுத்தினாலோ இரண்டு முனைக்கும் பிளஸ் வந்துவிடும். மோட்டார் அசையாமல் நிற்கும். பட்டனை விட்டால் மறுபடி திறக்கும் திசையிலேயே ஓடும். இந்த இரண்டு குணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மோட்டாரைக் கழற்றாமலே நோய் எதுவென்று சொல்லிவிடலாம். மோட்டாரையோ கண்ட்ரோலரையோ குற்றம் சாட்டி ஆயிரக்கணக்கில் பில் போடுவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிட யோசனையைத் தவிர்ப்பதால் வருவது.

மின்சாரக் கூரை புதிய சங்கதி அல்ல. 1934இலேயே பெஷோ தன் எக்லிப்ஸ் கார்களில் இரும்புக் கூரையை டிக்கிக்குள் இறக்கிவிட்டது. அந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஜார்ஜ் போலன் தொழிலால் பல் மருத்துவர். ரிலேக்களின் அருமை புரிவது ஃபோர்டு 1957 முதல் 1959 வரை தயாரித்த ஸ்கைலைனரில். அதில் கம்ப்யூட்டர் என்று ஒன்றும் இல்லை. 10 பவர் ரிலே, 10 லிமிட் சுவிட்ச், 8 சர்க்யூட் பிரேக்கர், ஏறக்குறைய 600 அடி வயர். ஒரு படி முடிந்தது என்று லிமிட் சுவிட்ச் சொன்ன பிறகே அடுத்த ரிலே இழுக்கும். பத்தில் ஒன்று முரண்டு பிடித்தாலும் வரிசை அங்கேயே அறுந்துவிடும். இன்றைய வண்டிகளில் அந்த வரிசையைக் கண்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது, லிமிட் சுவிட்சுக்குப் பதில் ஹால் சென்சார் வந்துவிட்டது. ஆனால் மோட்டாருக்குள் 20 ஆம்பியர் பாயும் கடைசிக் கதவு பல மாடல்களில் இன்னமும் அதே மாதிரி ஒரு ரிலேதான். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாக இருந்தால் போதாது, எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும் என்ற நிலையும் மாறவில்லை. தனித்தனி ரிலே ஒவ்வொன்றும் நம்பகமானதுதானே என்று கேட்பவருக்குப் பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

ரிலே எப்படிச் சாகிறது? இரண்டு வழி. ஒன்று நெருப்பால். வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட் பிரியும்போது எழும் பொறி தானாக அணைந்துவிடும். வண்டியின் டிசி கரண்டுக்கு அந்த இரக்கம் கிடையாது; காண்டாக்ட் போதுமான தூரம் விலகும்வரை பொறி எரிந்துகொண்டிருக்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதே கணத்தில் காண்டாக்ட் மோதி ஒன்றிரண்டு முறை குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் ஒரு புள்ளி உருகி, ஆறி, மேடும் பள்ளமுமாகிறது. வெள்ளியோடு டின் ஆக்சைடைக் கலந்து காண்டாக்ட் செய்வது இந்த ஒட்டலைத் தள்ளிப்போடத்தான், ஒழிக்க அல்ல. ஒட்டவே கூடாது என்ற இடத்தில் என்ன செய்வார்கள் என்பதற்கு இந்திய ரயில்வேயின் சிக்னல் ரிலேயைப் பார்க்கலாம். க்யூ வரிசை ரிலேயில் ஒரு பக்கம் வெள்ளி, எதிர்ப்பக்கம் வெள்ளி ஊட்டிய கார்பன். கார்பன் உருகி ஒட்டாது, ஆகவே சிவப்பு விழ வேண்டிய சிக்னல் பச்சையில் சிக்கிக்கொள்ளாது. தீப்பெட்டி அளவு கார் ரிலேயில் அதைச் செய்ய முடியாது. கார்பனின் தடை அதிகம். கூரை மோட்டாரின் கரண்டில் சூடேறிவிடும். எனவே கார்க்காரர் ஒட்டும் அபாயத்தோடுதான் வாழ வேண்டும்.

இன்னொரு வழி காற்று. பாண்டுப்பின் கிழக்குப் பக்கம் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயைத் தாண்டினால் உப்பளம். உப்பளத்துக்கு அப்பால் சதுப்புக்காடும் தாணே கழிமுகமும். தெற்கே காஞ்சுர்மார்க் குப்பைக் கிடங்கு. கழிமுகச் சேறு அழுகும்போதும் குப்பை அழுகும்போதும் வரும் முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த வட்டாரத்தில் யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குழந்தையின் வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பது எதுவோ அதுவேதான் ரிலேயின் வெள்ளிக் காண்டாக்ட்மேல் கறுப்புப் படலம் போடுகிறது. அடிக்கடி வேலை செய்யும் ரிலேயில் ஒவ்வொரு முறை எழும் சிறு பொறியும் அந்தப் படலத்தை எரித்துவிடும். மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் ரிலேயில் அது தடித்துக்கொண்டே போகும். உப்புக் காற்றின் வேலை வேறு இடத்தில். ரிலேயின் கால்களும் சாக்கெட்டின் உள்ளே உள்ள கிளிப்பும் பச்சை பூத்து, பிடிப்பு தளர்ந்து, அங்கே சூடு பிறக்கும். முழுக்க சீல் வைத்த ரிலே என்றால் உள்ளே பாதுகாப்பு. கார்களில் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ரிலேக்களில் பலவும் சீல் செய்யப்படாதவை.

இப்போது எதிர்வாதம். ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பது பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பாடம். அதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க முடியாது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978இல் எழுதிய அறிக்கை இதே பாடத்தை எண்களால் நிறுவியது. விமான உதிரிகளில் வயதாக ஆகக் கெடும் வாய்ப்பு தெளிவாகக் கூடியவை ஏறக்குறைய 11 சதவீதம்தான். 68 சதவீதம் உதிரிகளில் ஆபத்து அதிகமாக இருந்தது புதிதாகப் பொருத்திய தொடக்க நாட்களில். அதற்குப் பிறகு வயதுக்கும் கெடுவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதாவது நல்ல பொருளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால், பல சமயம் நாம் அபாயத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறோம். இதைப் படித்த பிறகும் ‘பத்து வருஷம் ஆச்சு, எல்லா ரிலேயையும் மாத்து’ என்று சொல்பவர் பழக்கத்தால்தான் சொல்கிறார்.

ஆனால் அந்த அறிக்கை மாற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பொருளுக்குத் தேயும் பாகம் ஒன்று வெளிப்படையாக இருக்கிறதோ, அது கெட்டால் விளைவு எவ்வளவு பெரியதோ, அதைப் பார்த்து முடிவெடு என்கிறது. ரிலேயில் காண்டாக்ட் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் தேய்கிறது. தேயும் பாகம் இருக்கிறது. சரி, அப்படியானால் எத்தனை இழுப்பு தாங்கும்? தயாரிப்பாளர்களின் தாளில் முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை என்ற அளவு சாதாரணமாகக் காணக் கிடைப்பது. வருஷத்துக்கு 200 முறை கூரையைத் திறந்து மூடினாலும் 20 வருஷத்தில் 4,000தான். ஒரு லட்சத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இந்த எண்ணைக் காட்டி, கூரை ரிலே வண்டியைவிட அதிக நாள் வாழும் என்று வாதாடலாம். இரண்டாவது எதிர்வாதம் இதுதான், முதலாவதைவிட வலுவானது. அது தாளில் சரி. தாளில் உள்ள ஒரு லட்சம், நிலையான வோல்ட்டேஜில், சுத்தமான காற்றில், பெரும்பாலும் மோட்டார் அல்லாத சுமையில் அளந்தது. நமது கூரை ரிலேக்கு அந்த மூன்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை. அது உழைத்துத் தேய்வதில்லை. சும்மா கிடந்து கறுக்கிறது, பிறகு ஒரு நாள் பலவீனமான பேட்டரியோடு வேலைக்கு இழுக்கப்பட்டு அடிபடுகிறது.

அந்த ஒரு நாளை நெருங்கிப் பார்ப்பது நல்லது. 12 வோல்ட் ரிலேயின் காயில் சாதாரண வெப்பத்தில் ஏழெட்டு வோல்ட் வந்தாலே இழுத்துக்கொள்ளும். காயில் செம்பு, செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். மே மாத வெயிலில் நின்ற வண்டியின் இருக்கைக்குப் பின்புறம், டிக்கியின் ஓரம் 60 டிகிரியைத் தொட்டால், 20 டிகிரியில் 7.5 வோல்ட்டில் இழுத்த ரிலேக்கு இப்போது 8.7 வேண்டும். பேட்டரியோ இரண்டு வாரம் ஓடாத வண்டியின் பேட்டரி. பட்டனை அழுத்துகிறீர்கள், ரிலே இழுக்கிறது, பம்ப் மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் சரிகிறது. சரிந்ததும் காண்டாக்ட் அழுத்தம் குறைகிறது, அல்லது ரிலே விட்டே விடுகிறது. விட்டதும் மோட்டார் சுமை போய் வோல்ட்டேஜ் எழுகிறது, ரிலே மறுபடி இழுக்கிறது. கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இரண்டு விநாடியில் காண்டாக்ட் படும் அடி, முறையாக ஓடிய பல மாதத்துக்குச் சமம். பிறகு வரும் ஏதோ ஒரு நாளில் அது ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டுக் கூரையை இயக்குங்கள் என்று வண்டியோடு வரும் புத்தகங்கள் சொல்வதற்குக் காரணம் பேட்டரி இறங்கிவிடும் என்பது மட்டுமல்ல. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்துவைத்தால் இந்தக் கடகடப்புக்கு இடமே இல்லை. ஒருமுறை இப்படிக் கடகடத்த ரிலேயை, அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், நம்பாமல் மாற்றிவிட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆகவே எதை மாற்றுவது என்ற கேள்விக்கு அளவுகோல் வயது அல்ல. மூன்று நிபந்தனை: அது மோட்டார் அல்லது பம்பின் கரண்டைச் சுமக்க வேண்டும், கெட்டால் கூரை திறந்தபடி நிற்க வேண்டும், சாக்கெட்டிலிருந்து கையால் பிடுங்கி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தவை ஒரு வண்டியில் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும். நல்ல பிராண்டில் ஒன்று சில நூறு ரூபாய். எல்லாம் சேர்த்தாலும், நனைந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பிடுங்கி மாற்றுவதில் வயரிங்கைத் தொடுவதில்லை, ஆகவே புதிய கோளாறை நாமே உண்டாக்கும் வாய்ப்பும் குறைவு. விளக்குக்கும் சீட்டுச் சூட்டுக்கும் உள்ள ரிலேக்களை அப்படியே விட்டுவிடலாம். கண்ட்ரோலர் பெட்டிக்குள் போர்டில் பற்றவைத்த ரிலேயா? அதையும் முன்கூட்டியே தொடக் கூடாது. லாமிங்டன் ரோட்டில் அதே அளவு போர்டு ரிலே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நன்றாக இருக்கும் போர்டில் சூட்டுக்கோல் வைத்துப் பாதையைத் தூக்கிவிட்டால் பெட்டியே போய்விடும். அங்கே நௌலன், ஹீப் சொன்னதுதான் பொருந்தும். அது கெட்டபின் பார்த்துக்கொள்ளும் வேலை.

மாற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ரிலேயைக் கொன்றது எதுவோ அது புதியதையும் கொல்லும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துக் காண்டாக்டைச் சோதிப்பது ஏமாற்று வேலை. மீட்டர் அனுப்பும் மில்லி ஆம்பியருக்கு ஒரு மயிரிழைத் தொடர்பு போதும், 20 ஆம்பியருக்குப் போதாது. கூரை ஓடும்போது, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, 30க்கும் 87க்கும் குறுக்கே பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் காண்டாக்ட் ஆரோக்கியம். 0.2ஐத் தாண்டினால் சந்தேகம். அரை வோல்ட் காட்டினால், 20 ஆம்பியரில் அது 10 வாட் சூடு. ஒரு அங்குலப் பெட்டிக்குள் 10 வாட் என்றால் மூடி இளகத் தொடங்கும். ரிலேயின் காலுக்கும் சாக்கெட் வயருக்கும் நடுவே அதே அளவு விழுந்தால் குற்றவாளி ரிலே அல்ல, சாக்கெட் கிளிப். அப்போது புது ரிலே போடுவது வீண். எர்த் வயரின் இரு முனைக்கும் இதே சோதனை. கடைசியாக மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். மலிவு கிளாம்ப் மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும், வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். வழியில் எங்கோ ஓர் இடத்தில் கரண்ட் திடீரென ஏறினால் அங்கே கூரையின் மூட்டு இறுகியிருக்கிறது, அல்லது ரப்பர் ஒட்டுகிறது, அல்லது துணி சிக்குகிறது. எண்ணெய் போட்டு, ரப்பரைத் துடைத்து, கரண்டை இறக்கிய பிறகுதான் ரிலேயின் முறை.

தண்ணீர்ப் பாதை இந்த வேலையின் பாதி. கூரைத் துணியின் ஓரத்தில் வடியும் நீர் சின்னக் குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் போய்ச் சேர வேண்டும். பாண்டுப்பில் மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் அந்தக் குழாயில் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். 2002இலிருந்து 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4இல் இதன் விளைவு பிரசித்தம்: ஹைட்ராலிக் பம்ப் மோட்டார் இருப்பதே பின்பக்க வடிகால் பள்ளத்தில், குழாய் அடைத்தால் மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கும். மூழ்கித் துருப்பிடித்த மோட்டார் திணறி அதிகம் இழுக்கும், அந்தச் சுமை ரிலேயில் இறங்கும், ரிலே ஒட்டும். கடைசியில் ரிலே போச்சு என்று பில்லில் எழுதுவார்கள். உண்மையில் போனது இருநூறு கிராம் சருகு அடைத்த குழாய். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மாதிரி நாளுக்கு எந்த வடிகாலும் தாங்காது. சாதாரண ஜூலைக்குத் தாங்கினால் போதும். ஏப்ரல் கடைசியில் ஒரு சொம்பு தண்ணீரை மெல்ல ஊற்றி, எல்லாக் குழாயிலும் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், குழாய் உள்ளே கழன்றுவிடும். நைலான் நரம்பு போதும்.

இனி மூன்றாவது எதிர்வாதம், மும்பைக்காரர்கள் சொல்வது: பழைய ஒரிஜினலைக் கழற்றி டூப்ளிகேட்டைப் போடுவதைவிட ஒரிஜினலே கிடக்கட்டும். இதில் நியாயம் இருக்கிறது. குர்லா சிஎஸ்டி ரோட்டிலும் ஓபரா ஹவுஸ் பக்கமும் எல்லா விலையிலும் ரிலே கிடைக்கும், எல்லாத் தரத்திலும் கிடைக்கும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய ரிலேயை இந்தக் காரியத்துக்கு வாங்கவே கூடாது. ஒரு பழையதை எடுத்துவிட்டு, சரித்திரம் தெரியாத இன்னொரு பழையதைப் போடுவதில் என்ன தற்காப்பு இருக்கிறது? பாஷ், ஹெல்லா, ஓம்ரான், பானாசோனிக் என்று பெயர் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. பில் கொடுக்கும் கடையில், பெட்டியோடு வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் மேஜைமேல் சோதியுங்கள்: 85, 86க்கு 12 வோல்ட் கொடுத்து, 30, 87 வழியாக ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை எரியவிட்டு, காண்டாக்ட் குறுக்கே வோல்ட்டை அளந்து, ஐம்பது முறை இழுத்து விடுங்கள். தொடக்க நாளில் சாகப்போகும் ரிலேக்களில் சிலவாவது மேஜையிலேயே பிடிபடும். அறிக்கை சொன்ன அந்த 68 சதவீதப் பூதத்துக்கு நம் கையில் உள்ள மருந்து இவ்வளவுதான்.

டூப்ளிகேட்டைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அதை உண்டாக்குவது பெரும்பாலும் நல்ல ரிலேதான். ஐந்து கால் ரிலேயில் இரண்டு ஜாதி. ஒன்றில் நடுக்கால் 87ஏ. மற்றதில் நடுக்காலும் 87. வெளியே அளவு, கால், நிறம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், சாக்கெட்டிலும் சுகமாக உட்காரும். கூரை மோட்டாரின் ஜோடி ரிலேயில் நடுக்கால் எர்த்துக்குப் போகிறது என்று மேலே பார்த்தோம். அங்கே இரட்டை 87 ரிலேயைச் செருகினால், அது இழுத்த கணமே பேட்டரி பிளஸ் நேராக எர்த்தில் விழும். சில வகையில் இரண்டு 87உம் உள்ளேயே நிரந்தரமாக இணைந்திருக்கும். அவை இழுக்கக்கூட வேண்டியதில்லை. ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ஆகவே ரிலேயின் பக்கவாட்டில் அச்சடித்த படத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றையும் செருகாதீர்கள். அதே படத்தில் காயிலுக்குக் குறுக்கே டயோடு அல்லது ரெசிஸ்டர் வரைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டயோடு உள்ள ரிலேக்கு 85, 86இல் பிளஸ் மைனஸ் உண்டு. மாறிப்போனால் டயோடு ஷார்ட்டாகிக் கண்ட்ரோலரின் அந்த ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விடும். டயோடோ ரெசிஸ்டரோ இருந்த இடத்தில் ஒன்றுமில்லாததைப் போட்டாலும், காயில் விடும்போது எழும் வோல்ட் அதே டிரான்சிஸ்டரைத் தாக்கும். ஆம்பியர் எண்ணையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்: 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 70 போட்டால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் பெரிய ரிலேயின் காயில் அதிகம் இழுக்கக்கூடும், அந்தச் சுமைக்குக் கண்ட்ரோலர் தயாராக இருக்காது.

ரிலேயே வேண்டாம், எலக்ட்ரானிக் சுவிட்ச் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தேயும் காண்டாக்ட் இல்லை, பொறி இல்லை. ஆனால் மோட்டாரை இரு திசையில் ஓட்டவும் நிறுத்தும்போது பிரேக் பிடிக்கவும் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், சூட்டை வெளியேற்ற இடம் வேண்டும். அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகிக் கெடும், அதாவது நாம் பயந்த அதே ஒட்டிய நிலை. தயாரிப்பாளர் வடிவமைத்த வண்டியில் சரி, பட்டறையில் புகுத்துவது சரியல்ல.

வேலை நாளில் கூரையை முழுக்க மூடி, பூட்டு விழுந்ததை உறுதிசெய்துகொண்டு, பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே ரிலேயில் கைவையுங்கள். கூரை நடுவழியில் இருக்கும்போது ஒரு ரிலேயைப் பிடுங்கினால் ஹைட்ராலிக் அழுத்தம் தளர்ந்து கூரை இறங்கக்கூடும். விரலோ தலையோ அடியில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கி வரிசையை மறக்க வேண்டாம். சாக்கெட் கிளிப் பச்சையாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்திருந்தால் கிளிப்பையே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழையில் இன்னும் வேகமாகப் பச்சை பூக்கும். ஜோடி ரிலேயில் ஒன்றை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மூன்று முறை திறந்து மூடி, மறுபடி வோல்ட்டை அளந்து, எண்ணையும் தேதியையும் ரிலே மூடிமேலேயே எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் மே மாதம் அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் மாற்றுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். எண் ஏறவில்லை, கடகடப்பு கேட்கவில்லை, தண்ணீர் புகவில்லை என்றால் மறுபடி மாற்ற வேண்டியதில்லை. மழைக்காலத்திலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கூரையுள்ள இடத்தில் நிறுத்தி, ஒரு தடவை திறந்து மூடினால் காண்டாக்டில் படலம் தங்காது.

கழற்றிய பழையவற்றில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்த இரண்டை டிக்கியில் வைக்காமல் கிளவ் பாக்ஸில் வையுங்கள். கூரை பாதியில் நின்றால் பல மாடல்களில் டிக்கியைத் திறக்க முடியாது. பல வண்டிகளில் கூரையைக் கையால் மூடுவதற்கென்று ஓர் ஆலன் கீயோ ஸ்க்ரூவோ கொடுத்திருப்பார்கள். அது இருக்கும் இடத்தையும், எந்த மூடியைக் கழற்றி எங்கே திருக வேண்டும் என்பதையும் வண்டி நன்றாக இருக்கும் ஒரு பகலிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அந்தக் கீயையும் அதே கிளவ் பாக்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.